அக்காவின் காதுக்கு மட்டும் கேட்கிற ஒலி

"தம்பி, நீ ஒரு தடவை காதுல வச்சுப் பாத்துச் சொல்லு. இதுல குத்தமா, எங்காதுல குத்தமா?"

அக்கா நீட்டிய சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் தேன் நிறத்தில் இரண்டு உருண்டைகள் இருந்தன. அவர் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்த கஸ்டம் இன்-இயர், அதாவது மேடையில் பாடுகிறவர் தன் குரலையும் வாத்தியத்தையும் கேட்கக் காதுக்குள் வைக்கிற இயர்போன். விலை அறுபதாயிரத்துக்கு மேல். வாங்கி என் காதில் வைத்தேன். பாதிகூட உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். காது வலித்ததுதான் மிச்சம். அவர் காதுக் குழாயின் வளைவு வேறு, என்னுடையது வேறு.

இருபத்திரண்டு வருடமாகக் காரைக்குடியில் மைக்செட் தொழில் செய்கிறேன். அப்பா காலத்துக் குழாய் ஸ்பீக்கரிலிருந்து இன்றைய டிஜிட்டல் மிக்சர் வரை, ஒரு சாமான் நன்றாக இருக்கிறதா என்று யார் கேட்டாலும் நான் செய்வது ஒன்றுதான். கேட்டுப் பார்ப்பேன், சொல்வேன். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கக்கூடிய கருவியை எப்படி மதிப்பிடுவது? இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். நடுவில் நான் பண்ணிய தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வளவும் எதிரொலியும்

அக்கா ஒரு பக்தி இசைக்குழு நடத்துகிறார். கோயில் திருவிழா, அறுபதாம் கல்யாணச் சாந்தி, கல்யாண வரவேற்பு என்று வருடம் முழுக்கக் கச்சேரி. கல்யாணம் என்றால் பெரும்பாலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கத்துப் பழைய வீடுகள். முகப்பு தாண்டி, நடுவில் முற்றம் வைத்த வளவுக்குள் மேடை போடுவார்கள். பார்க்க அழகு. மைக்செட்காரனுக்குத்தான் நரகம். தரை ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு, தூண் பர்மா தேக்கு. சத்தத்தைக் குடிக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. முற்றத்தில் திறந்த வானம் இருப்பதால் கொஞ்சம் மேலே போய்விடும். பத்தியை, அதாவது தாழ்வாரத்தை, சுற்றிப் போவது திரும்பி வந்து பாடுகிறவர் முதுகில் விழும்.

இந்த இடத்தில் பாடுகிறவர் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால், அவருக்குக் கேட்கிற அளவுக்கு ஏற்றுவதற்குள் மைக் கூவ ஆரம்பித்துவிடும். அதனால்தான் நானே அக்காவை இன்-இயருக்கு மாற்றினேன். முதல் இரண்டு வருடம் ரப்பர் முனை வைத்த சாதாரண இயர்போன். அது வியர்வையில் நழுவுகிறது என்று கஸ்டம் செய்யச் சொன்னதும் நான்தான். ஆக, அறுபதாயிரத்தில் என் பங்கும் இருக்கிறது.

மேடையில் காதுக்குள் மானிட்டர் வைக்கும் வழக்கத்துக்கு ஓங்கித் தட்டுகிற வாத்தியமும் ஒரு காரணம். அமெரிக்காவில் வான் ஹேலன் என்ற ராக் குழுவின் மானிட்டர் இன்ஜினியராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மருக்காக 1995 வாக்கில் இதைச் செய்து கொடுத்து, அதிலிருந்தே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நமக்கு அந்த டிரம்மர் இடத்தில் தவில். வலது கை விரல் கூடு விழுகிற சத்தம் பத்தடி தள்ளி நிற்கிறவர் காதையும் விடாது.

புகார்

மதுரையில் ஒரு செவித்திறன் நிபுணரிடம் காது அச்சு எடுத்து, வெளியூரில் ஒரு நிறுவனம் செய்து அனுப்பியது. ஒரு பக்கத்துக்கு நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர், அதாவது ஒலி எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர். வந்த அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்டுவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தம்புராவோட ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாத் தெரியுது." அவ்வளவு சந்தோஷம்.

நாலு நாள் கழித்துக் கானாடுகாத்தானில் கச்சேரி. மூன்றாவது பாட்டிலேயே இடது பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டார். இடைவேளையில் சொன்னது இதுதான்: "மெலிஞ்சு கேக்குது. சுருதி கீழ உக்கார மாட்டேங்குது. ஆ-ன்னு ஆகாரமா இழுத்தா எல்லாம் ஓடிப் போயிடுது, வார்த்தையாப் பாடினாத் திரும்ப வருது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பதில் முழுவதும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. தவில் சத்தம் அமுக்குகிறது என்று நினைத்து, "அக்கா, கொஞ்சம் வால்யூம் ஏத்திக்கங்க" என்றேன். என் தப்பு அதுதான். அன்று ராத்திரி அவருக்குக் காதில் ங்கொய் என்று இரைந்திருக்கிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம், அப்புறம் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது. 94-க்கு வந்தால் ஒரு மணி நேரம். 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான். நம்ம கச்சேரி மூன்று மணி நேரம் ஓடும்.

அதற்குள் ஊர் முழுக்க வைத்தியர்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி, "அண்ணே, இருநூறு மணி நேரம் ஓட விட்டாத்தான் டிரைவர் பழகும். இல்லேன்னா வெள்ளி வயர் மாத்தணும்" என்றான். தபேலாக்காரர், பழையதே தேவலை என்றார். நிறுவனத்தார், கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை கருவி எதை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்று காட்டும் ஒரு வளைவுப் படத்தை அனுப்பி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஏவி. மெய்யப்பன் கிராமபோன் தட்டு வியாபாரத்தில் தொடங்கி, பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவிலேயே ஸ்டுடியோ நடத்திய மண் இது. ஒலியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளை இங்கே பார்ப்பது கஷ்டம்.

வளைவுப் படம் எதைச் சொல்கிறது

அந்தப் படத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரிப் படங்களைச் செயற்கைக் காதில் வைத்து எடுப்பார்கள். ஐஈசி 60318-4 என்ற தரப்படி செய்த சின்ன உலோக உருளை. பழைய எண்ணை வைத்து '711' என்றே எல்லோரும் சொல்வார்கள். கஸ்டம் கருவியின் முனை அதில் பொருந்தாது என்பதால் களிமண் போன்ற ஒன்றால் சுற்றிலும் அடைத்து அளப்பார்கள்.

இடது, வலது இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருந்தன. ஆகவே பட்டறையை விட்டுக் கிளம்பிய அன்று டிரைவர்களில் கோளாறு இல்லை. படம் சொல்வது அவ்வளவுதான். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை இருந்தது (ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலி கீச்சென்று மேலே போகும்). கீபோர்டு தம்பி அதைக் காட்டி, "பாத்தீங்களா, இதான் குத்துது" என்றான். அந்த முனை பெரும்பாலும் உருளைக்குள் ஒலி எதிரொலித்து வருவது. கருவியை எவ்வளவு ஆழம் வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். அக்காவின் காதில் அது எங்கே விழும் என்று படம் சொல்லாது. முக்கியமாக, களிமண்ணால் அடைத்து அளந்த படத்தில் காற்றுக் கசிவு தெரியவே தெரியாது.

நிறுவனம் இன்னொன்றும் சொன்னது, ஹார்மன் வளைவை ஒட்டிச் செய்திருக்கிறோம் என்று. ஷான் ஆலிவ் குழுவினர் நிறையப் பேரைக் கேட்க வைத்து, பெரும்பாலோருக்குப் பிடித்த சமநிலை எது என்று வகுத்த கோடு அது. நல்ல வேலைதான். ஆனால் அது பலருடைய காதின் சராசரி, கேட்டதும் பதிவு செய்த பாட்டு. மேடையில் தன் குரலையே கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு வேறு கணக்கு.

நெற்றியில் ஒரு விரல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் அக்காவுக்குத் தெரிந்த வீட்டின் உள்பகுதியில், இரண்டாம் கட்டு என்பார்களே, அங்கே உட்கார்ந்தோம். என்னால் கேட்க முடியாது. அவர் கேட்பதை நான் கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டும்.

இரண்டு காதிலும் ஒரே ஒலி ஒரே அளவில் விழுந்தால் அது தலைக்கு நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் மறுபக்கம் நகரும். "சத்தம் கூடுதா குறையுதா" என்று கேட்டால் குழம்புகிறவர்கள்கூட, எங்கே இருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். போனில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, "தலைக்குள்ள எங்க இருக்குன்னு விரலால காட்டுங்கக்கா" என்றேன். விரல் நெற்றிப் பொட்டுக்குப் போனது. அப்புறம் 50 ஹெர்ட்ஸ். அதற்கும் பொட்டுதான்.

"இப்ப சத்தமே போடாம, மெதுவா ஆ-ன்னு வாயத் திறங்க."

வாய் திறக்கத் திறக்க விரல் வலப்பக்கம் நகர்ந்து வலது பொட்டெலும்பைத் தாண்டிப் போனது. மூடினார், நடுவுக்கு வந்தது. திரும்பத் திறந்தார், திரும்ப ஓடியது. அந்தப் பக்கம் முறத்தோடு வந்த வீட்டு ஆச்சி, அக்கா கண்ணை மூடி வாயைப் பிளந்து நெற்றியில் விரலை நகர்த்துவதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அவளுக்கு அருள் வந்துருச்சா?" என்று கேட்டார்.

இனி சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வயரைக் கழற்றி இடது வலது மாற்றிக் குத்தினேன். விரல் அப்போதும் வலப்பக்கமே போனது. போனிலோ வயரிலோ கோளாறு இல்லை. வாய் திறந்தபடியே இருக்கச் சொல்லி, இடது கருவியை என் விரலால் லேசாக உள்ளே அழுத்தினேன். ஒலி நடுவுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது. இடது காதில் அடைப்பு நிற்கவில்லை.

தாடை எலும்பின் முனை காதுக் குழாய்க்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வாய் திறந்தால் அது முன்னால் நகரும், குழாயின் முன்சுவர் கூடவே இழுபடும், குழாய் அகலமாகும். உங்கள் சுண்டு விரலைக் காதில் விட்டு வாயைத் திறந்து மூடினாலே தெரியும். வாய் மூடியபடி அச்செடுத்தால் மூடிய வாய்க்குத்தான் கருவி பொருந்தும். திறந்ததும் மயிரிழை அளவு இடைவெளி. மேல் ஒலிகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. கீழ் ஒலிகள் அந்த வழியே தப்பிவிடும், அதே வழியாகத் தவில் உள்ளே வரும். வீட்டில் வாய் மூடிக் கேட்டபோது தேவாமிர்தம், மேடையில் ஆகாரம் பாடியபோது தண்ணீர். 'ம்' என்று உதடு சேரும் சொல் வந்தால் திரும்பக் கெட்டியாகும். அக்கா முதல் நாளே சொன்னது இதைத்தான்.

அக்காவின் குரல் ஐந்து கட்டை. ஆதார ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். கீழே மந்தரப் பஞ்சமம் தொட்டால் 147. குரலுக்கு 50 ஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்கலாம். குரலுக்கு வேண்டாம்தான். கசிவு 50-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகாது, மேலே சரிந்துகொண்டே வரும். அதோடு, அவர் சாய்ந்து நிற்பது மிருதங்கத்தின் தொப்பியிலும் (கும்மென்று ஒலிக்கும் இடது பக்கம்) பேஸ் கிதாரிலும். அடி ஆட்டம் கண்டால் பாடுகிறவர் தன்னையறியாமல் குரலை இறுக்குவார். கானாடுகாத்தான் பதிவைத் திரும்பக் கேட்டேன். இறுக்கியிருந்தார்.

மதுரைக்குத் திரும்பப் போனோம். பாடுகிறவர்களுக்கும் ஊதுகிறவர்களுக்கும் பல்லுக்கு நடுவே ஓர் அங்குலக் கட்டை ஒன்றைக் கடிக்க வைத்து, வாய் திறந்த நிலையில் அச்செடுப்பது வழக்கம். முதல் தடவை அது நடக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. இந்தத் தடவை காதுக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி உள்ளே பஞ்சு வைத்து, அங்கே வரை சிலிக்கோன் போகும்படி எடுத்தார்கள். அதற்கு முன்பு காதுக் குறும்பியை எடுத்தார்கள். அது வேறு அரை மணி நேரம்.

தகரம், கிணறு, கும்

புது அச்சில் செய்த வெளிக்கூடு, அதாவது ஓடு, வர மூன்று வாரம். அந்த நேரத்தில் நான் செய்த காரியம்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை என்று நினைக்கிறேன்.

அக்கா ஒலியைப் பற்றிப் பேசினால் ஹெர்ட்ஸில் பேச மாட்டார். 'தகரம்' என்பார், 'மூக்கு' என்பார், 'கிணத்துக்குள்ள' என்பார். நான் மனதுக்குள் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு மிக்சரில் எதையோ திருகுவேன். பத்து வருடமாக அப்படித்தான் ஓடியது. சரி, இந்த முறை அகராதி போடுவோம் என்று, அவர் குழுவின் பழைய கச்சேரிப் பதிவையே அவருடைய பழைய இயர்போனில் ஓட விட்டு, ஈக்யூவில் (ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி) ஒவ்வொரு இடமாக 6 டெசிபல் ஏற்றினேன். எதை ஏற்றுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் வாயில் வரும் முதல் சொல்லை நோட்டில் எழுதினேன்.

200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் 'கும்'. 900 பக்கம் 'மூக்கு'. 3,000 பக்கம் 'தகரம்'. 7,000 பக்கம் 'சீச்சீ', அதாவது பாட்டில் வரும் ச, ஸ எல்லாம் கொப்பளிக்கிறது. நான் இவ்வளவு நாளும் 'தகரம்' என்றால் 6,000 என்று நினைத்துத் தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

3,000 என்பது தற்செயல் இல்லை. திறந்த காதுக் குழாய் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தானாகவே ஒலியைப் பெருக்கும். காதை அடைத்ததும் அந்தப் பெருக்கம் போய்விடும், அதனால் கருவி செய்கிறவர்கள் அதே இடத்தில் ஏற்றிக் கொடுப்பார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது சராசரிக் கணக்கு. அவரவர் காதுக்குக் கொஞ்சம் கூடும், குறையும்.

'கிணறு' மட்டும் எந்த ஈக்யூவிலும் வரவில்லை. பதிவில் ஒரு முறைகூட அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. பாடும்போது மட்டும்தான் வரும் என்று அப்புறம்தான் உறைத்தது. காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் மண்டைக்குள் முழங்குமே, அதுதான். எலும்பு வழியாக வருகிற குரலும், மைக் வழியாகச் சுற்றிக் கொஞ்சம் தாமதித்து வருகிற குரலும் காதுக்குள் கலக்கின்றன. ஒன்றையொன்று கூட்டலாம், தின்னவும் செய்யலாம். மிக்சரில் அவர் மைக்கின் ஒலி அலையைத் தலைகீழாக்குகிற போலாரிட்டி பொத்தானைத் திருப்பிப் போட்டேன். "ஆ, கிணத்தை விட்டு மேல வந்துட்டேன்" என்றார். ஒரு பொத்தான். இரண்டு வருடம்.

வெள்ளி வயர்

கீபோர்டு தம்பி விடவில்லை. தன்னுடைய வெள்ளி வயரைக் கொண்டுவந்தான். கஸ்டம் கருவியையும் சாதாரண இயர்போனையும் கண்ணைக் கட்டி ஒப்பிட முடியாது. காதில் வைத்ததுமே எது என்று தோலுக்குத் தெரிந்துவிடும். வயரை ஒப்பிடலாம். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப மாற்றினோம். பத்து முறையில் ஆறு சரியாகச் சொன்னார். தம்பி வெற்றி என்று குதித்தான். வெறும் யூகத்திலேயே பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முகம் வாடிப் போனது. வயர் அழகாகத்தான் இருந்தது.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் கறாராகக் கடைப்பிடித்தோம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஒரே அளவு என்று அக்கா சொல்லும்வரை வால்யூமைச் சரிசெய்த பிறகே பாட்டு. கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். அரை டெசிபல் போதும், அது 'சத்தம்' என்று தோன்றாது, 'தெளிவு' என்று தோன்றும். கடைக்காரர்களுக்கு இது தெரியும்.

பாதிதான் சரியானது

புது ஓடு வந்தது. விரல் சோதனை செய்தோம். வாய் எவ்வளவு திறந்தாலும் விரல் பொட்டை விட்டு அசையவில்லை. சீடை கொடுத்து மெல்லச் சொன்னேன், தலையை இடதும் வலதும் திருப்பச் சொன்னேன். அசையவில்லை.

மேடையில் இடுப்பில் மாட்டுகிற ஒயர்லெஸ் பெட்டியில் செருகிப் பாடினார். "நல்லா இருக்கு... ஆனா வீட்ல இருந்த கனம் இல்ல தம்பி."

முந்தைய நானாக இருந்தால் மனப்பிரமை என்று சொல்லியிருப்பேன். இந்த முறை நோட்டை எடுத்தேன். வீட்டுக்கும் மேடைக்கும் இன்னும் மாறாமல் இருந்த வித்தியாசம் ஒன்றுதான்: வீட்டில் போன், மேடையில் ஒயர்லெஸ் பெட்டி. அந்தப் பெட்டி வழியாக 100 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு மல்டிமீட்டரில் அளந்தேன் (நம்ம சாதாரண மீட்டர்கள் வீட்டுக் கரண்டை அளக்கச் செய்தவை, 1,000 ஹெர்ட்ஸில் நம்ப முடியாது). சுமை இல்லாமல் 0.60 வோல்ட். 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்ததும் 0.40. அப்படியானால் பெட்டியின் சொந்த மின்மறுப்பு, அதாவது கரண்டுக்கு அது காட்டுகிற தடை, பதினாறரை ஓம்.

நிறுவனம் அனுப்பிய தாளில் இந்தக் கருவியின் மின்மறுப்பு கீழ் ஒலிகளில் 9 ஓம், 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் 40 ஓம் என்று இருந்தது. பல டிரைவர் வைத்த ஆர்மேச்சர் கருவிகள் இப்படித்தான் ஏறி இறங்கும். 9 ஓமுக்குப் பதினாறரை ஓம் வழியாகக் கரண்டு கொடுத்தால் பெரும் பங்கு வழியிலேயே போய்விடும். 40 ஓம் இருக்கும் இடத்தில் அவ்வளவு போகாது. கணக்குப் போட்டால் மேலுக்கும் கீழுக்கும் 6 டெசிபல் வித்தியாசம். போனில் அது 1 ஓம்தான் என்று வைத்தால் ஒரு டெசிபல்கூட வராது. அக்கா சொன்ன 'கனம்' காணாமல் போன இடம் அதுதான். புதுப் பெட்டி எதுவும் வாங்கவில்லை. மிக்சரில் அவருக்குப் போகும் லைனில் மட்டும் கீழே 5 டெசிபல் தூக்கி, மேலே சற்றுத் தணித்தேன். வால்யூமை அவரே பழைய அளவிலிருந்து நாலு கோடு இறக்கிக்கொண்டார்.

குன்றக்குடியில் பங்குனி உத்திரத்துக்குப் பாடினார். மூன்று மணி நேரமும் இரண்டு பக்கமும் காதில் இருந்தது. இறங்கி வந்ததும் காது இரைகிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார். "மிருதங்கத்துல அந்த 'நம்' சொல்லு மட்டும் பழசுல இன்னும் நல்லாக் கேட்டுச்சு தம்பி." வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் சாதம் என்று சொல்கிற கறுப்புப் பூச்சுதான் அந்த அடியில் மேல் சுரங்களை அடிச் சுரத்தோடு ஒத்துப் போகச் செய்கிறது, 1920-லேயே சி.வி. ராமன் அதைப் பற்றி எழுதினார். அந்த மேல் சுரங்களில் எந்த ஒன்று அக்காவுக்குக் குறைகிறது என்று ஈக்யூவில் தேடினேன், கிடைக்கவில்லை. நோட்டில் 'நம்' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கீபோர்டு தம்பி இப்போது தனக்கும் கஸ்டம் செய்ய மதுரைக்குக் கிளம்புகிறான். "நான் வாய மூடிக்கிட்டுத்தானண்ணே வாசிக்கிறேன், எனக்குக் கட்டை எதுக்கு?" என்று கேட்டான். கச்சேரி முழுக்கக் கோரஸ் பாடுவது யார் என்று அக்கா திருப்பிக் கேட்டார்.